மல்வேர்னில் ஒரு நாடுகடத்தல்

அக்கா வீட்டு அடுப்பில் குமிழ்கள் இல்லை. டொரோண்டோவில் நான் முதலில் கவனித்தது பனியை அல்ல, அதைத்தான். விமான நிலையத்திலிருந்து மல்வேர்னுக்கு வந்து, பயணப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, தேநீர் போடலாம் என்று சமையலறைக்குள் போனேன். மின்னடுப்பின் முகப்பில் குமிழ்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து உலோக முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

அக்கா தன் கைப்பையைத் திறந்து ஒரு சிறிய துணிப்பையை எடுத்தாள். அதற்குள் ஐந்து குமிழ்களும் இருந்தன. ஒன்றைப் பொருத்தி, திருகி, தண்ணீர் கொதித்ததும் அணைத்து, கழற்றித் திரும்பவும் பைக்குள் போட்டாள்.

"இப்ப கேக்காதை. முதல்ல தேத்தண்ணியைக் குடி," என்றாள்.

நான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதும் நிரலில் பிழை தேடுவது என் தொழில். டொரோண்டோவுக்குப் பக்கத்து நகரமான மார்க்கத்தில் உள்ள கிளையில் இரண்டு வாரப் பயிற்சி என்று அனுப்பினார்கள். ஹோட்டல் தருவதாகச் சொன்னார்கள். ரெஜினா அக்கா என் பெரியம்மாவின் மகள். அவள் இருக்கும் ஊரில் ஹோட்டலில் தங்கினால் மன்னாரில் இருக்கும் அம்மா என்னோடு பேசமாட்டார். அதனால் மல்வேர்ன். என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பத்து விடயங்கள் எழுதியிருந்தேன்: குளிர்ச் சப்பாத்து, பஸ் அட்டை, அத்தானுக்குக் கருவாடு என்று போகும். அடுப்புக் குமிழ் அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, கடையில் வாங்கிய இடியப்பத்தையும் அக்கா வைத்த மீன் சொதியையும் சாப்பிடும்போது கதை வெளியே வந்தது. அத்தானுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர் பாரிசவாதம் வந்தது. கால் ஓரளவு திரும்பியது, நினைவு திரும்பவில்லை. சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். செய்ததை மறப்பார். இரண்டு முறை அடுப்பில் சட்டியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார். முதல் முறை புகை மணி அடித்ததோடு முடிந்தது. இரண்டாவது முறை, இந்த ஜனவரியில், தீயணைப்பு வண்டிகள் வந்தன. அந்த வரிசையில் இருந்த அத்தனை குடும்பங்களும் இரவு உடுப்போடு பனிக்குள் நின்றன. புகை சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் போனது. அங்கே நான்கு மாதக் குழந்தை.

"அதுக்குப் பிறகுதான் குமிழைக் கழட்டினன்," என்றாள் அக்கா. "ஆனா பிந்திப்போச்சு."

அவர்கள் இருப்பது கோ-ஓப், அதாவது கூட்டுறவு வீடு. எனக்கு அது புதிது. அறுபத்திரண்டு வீடுகளுக்கும் வீட்டுக்காரர் என்று ஒருவர் இல்லை. குடியிருப்பவர்கள் எல்லோரும் அங்கத்தவர்கள். தங்களுக்குள்ளேயே ஒரு சபையைத் தெரிவு செய்கிறார்கள். வாடகை எவ்வளவு, கூரைக்கு யார் ஓடு மாற்றுவது, யார் இருப்பது, யார் போவது எல்லாம் கூடிப் பேசி வாக்கெடுத்து முடிவாகும். சபை அக்காவின் குடும்பத்தை வெளியேற்றத் தீர்மானித்திருந்தது. அக்கா முறையீடு செய்திருந்தாள். இனி அங்கத்தவர்கள் கூடி, இரகசிய வாக்கில் முடிவு சொல்வார்கள். அது அடுத்த ஞாயிறு தாண்டி வரும் ஞாயிறு, பின்னேரம் இரண்டு மணிக்கு. எனக்கு மறுநாள் திங்கட்கிழமை விமானம்.

"இஞ்சை விட்டா எங்கை போறது? வெளியிலை இப்ப இருக்கிற வாடகைக்குத் தள்ளி அஜக்ஸிலை ஒரு பேஸ்மென்ட்தான் கிடைக்கும்," என்றாள் அக்கா. "பேஸ்மென்டுக்குப் படி. இவர் படி இறங்கமாட்டார்."

அத்தான் தன் தட்டிலிருந்து நிமிர்ந்து, "ஆர் படி இறங்கமாட்டான்?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் சிரித்தோம். அக்காவின் மகள் லியானாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.

மார்க்கத்துக்குப் போவது ஒரு தனிப் பயிற்சி. வரைபடத்தில் பார்த்தால் பக்கம். பஸ்ஸில் மூன்று மாற்றம். முதல் நாள் எதிர்ப்பக்கத் தரிப்பில் இருபது நிமிடம் நின்றேன். வாகனங்கள் வலப்பக்கமாகப் போகும் ஊர் இது என்பதை மூளை ஒப்புக்கொண்டாலும் கால் ஒப்புக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் காரில் வருகிறார்கள். பஸ்ஸில் வந்தேன் என்றதும் ஒரு சக ஊழியர், காய்ச்சலில் வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்து, "அந்தத் தடத்தில் பஸ் ஓடுகிறதா?" என்று கேட்டார்.

பஸ்ஸில் போகிறவர்கள் வேறு ஆட்கள். காலை ஆறு மணிக்கு மல்வேர்னில் ஏறுபவர்கள் பாதிப்பேர் தூக்கத்தில் இருப்பார்கள், கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் தொழிற்சாலை அட்டை. அதில் பல முகங்கள் அக்காவின் கோ-ஓப்பைச் சேர்ந்தவை என்று பிறகு தெரிந்தது.

அந்த வாரம் ஒரு மாலையில் பொதுச் சலவை அறையில் பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சந்தித்தேன். தர்ஷினி, மட்டக்களப்பு. குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கை நின்றது.

"தங்கச்சி, எனக்கு அவரில ஒரு கோவமும் இல்ல. அவரு நல்ல மனுசன். இந்தப் பிள்ளை பிறந்த நேரம் மீன் கறி சமைச்சுக் கொண்டு வந்து தந்தவரு," என்றார். "ஆனா அண்டைக்கு இவள் மூச்சு விடல்ல. நீல நிறமாப் போயிட்டாள். ஆம்புலன்ஸ்ல ஆக்சிஜன் வச்சுத்தான் கொண்டு போனது. நான் இப்பவும் சுவரைத் தடவித் தடவித்தான் படுக்கிறன், சூடா இருக்கா எண்டு."

"அக்கா இப்ப அடுப்புக் குமிழைக் கழட்டி வச்சிருக்கிறா," என்றேன்.

"மைக்ரோவேவ் இருக்கு. சாமிக்குக் கொளுத்துற மெழுகுதிரி இருக்கு," என்றார். கெட்டவர் ஒருவர் எதிரில் இருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

சனிக்கிழமை லியானா என்னை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். பள்ளிக்கூட இறுதி ஆண்டில் பண்டைய ஏதென்சின் மக்களாட்சி பற்றி அவள் ஒரு கட்டுரை எழுதவேண்டும். வார இறுதி என்பதால் சுரங்க ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. மாற்று பஸ் என்றார்கள், அதற்கு ஒரு வரிசை, வரிசைக்குள் ஒரு சண்டை. "நான் ஒரு மணித்தியாலமா இந்த வரிசையில் நிற்கிறேன், இன்னும் ஒரு நிறுத்தம்கூடத் தாண்டவில்லை," என்று ஒரு முதியவர் யாரிடமோ தொலைபேசியில் கத்தினார். எங்களுக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் எடுத்தது.

கிரேக்கக் கூடம் சனமில்லாமல் இருந்தது. எனக்கு வரலாறு பள்ளிக்கூடத்தோடு போய்விட்ட பாடம். பெயர்கள் நாக்கில் நிற்காது. இயங்கும் முறை மட்டும் மனதில் நிற்கும். நான் புரிந்துகொண்டது இதுதான். முதலில் சில பெருங்குடும்பங்கள் ஆண்டன. கடன் கட்டாதவனை அடிமையாக விற்கலாம் என்ற நிலை முற்றி, ஊர் வெடிக்கும் கட்டத்தில் சட்டம் வகுத்த ஒருவர் அதை நிறுத்தினார். அதற்குப் பின் ஒரு சர்வாதிகாரக் குடும்பம். அதையும் துரத்திய பிறகு இன்னொருவர் ஊரையே பிரித்துப் போட்டுக் கட்டினார்: கரையோரத்தில் ஒரு துண்டு, உள்நாட்டில் ஒரு துண்டு, நகரத்தில் ஒரு துண்டு என்று சேர்த்து ஒரு பிரிவு, அப்படிப் பத்துப் பிரிவுகள். எந்தக் குடும்பமும் தன் ஆட்களை மட்டும் ஓரிடத்தில் திரட்டமுடியாது. பிரிவுக்கு ஐம்பது பேராக ஐந்நூறு பேர் கொண்ட அவை. அதற்கு ஆள் எடுப்பது தேர்தலில் அல்ல, குலுக்கலில்.

குலுக்கும் கருவியின் மாதிரி ஒன்று அங்கே இருந்தது. ஆளுயரக் கல்லில் வரிசை வரிசையாக வெட்டுகள். நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் தங்கள் பெயர்த் தகட்டை அதில் செருகுவார்கள். பக்கத்தில் ஒரு குழாய் வழியாகக் கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டுகள் விழும். வெள்ளை விழுந்த வரிசை உள்ளே, கறுப்பு விழுந்த வரிசை வீட்டுக்கு. யார் நீதிபதி என்று காலைவரை யாருக்கும் தெரியாது, ஆகவே யாரையும் முன்கூட்டியே வாங்கமுடியாது. இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய அந்த யோசனையின் முன்னால் நான் தொழில்முறை மரியாதையோடு நின்றேன்.

லியானா அடுத்த கண்ணாடிப் பெட்டியில் நின்றாள். உடைந்த மண்பானைத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஆணியால் கீறிய ஒரு பெயர்.

"சித்தி, இது லிட்டரலி ஒரு பொப்பியுலாரிட்டி கொன்டெஸ்ட், பட் ரிவர்ஸ்," என்றாள். "வருசத்துக்கு ஒருக்கா கேப்பினம், ஆரையும் அனுப்பவேணுமோ எண்டு. ஓம் எண்டா, பிறகு ஒரு நாளைக்கு எல்லாரும் ஒரு ஓட்டுத் துண்டிலை ஒரு பேர் எழுதிக் குடுக்கவேணும். ஆறாயிரம் துண்டு சேந்தா, கூட வந்த பேர் அவுட். பத்து வருசம். பிழை ஒண்டும் செய்திருக்கத் தேவையில்லை. சார்ஜ் இல்லை, டிஃபென்ஸ் இல்லை."

"அநியாயம்," என்றேன்.

"ஆனா போற ஆளின்ர காணி பூமி எல்லாம் அந்த ஆளுக்குத்தான். பத்து வருசத்தாலை திரும்பி வரலாம்." கண்ணாடியில் அவள் மூச்சுப் புகைந்தது. "எங்களுக்கு அதுவும் இல்லை."

பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள், இவர்கள் எவருக்கும் அந்த ஊரில் வாக்கில்லை என்று கடைசிப் பலகையில் எழுதியிருந்தது. வெளியேறும் வழியில் ஒரு குன்றின் மாதிரி. ஏதென்சின் மக்கள் அவை கூடிய இடம். கூட்டத்துக்கு வராமல் சந்தையில் கதைத்துக்கொண்டு நிற்பவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்துக் குன்றுக்கு ஓட்டிப் போவார்களாம். உடுப்பில் சாயம் பட்டவனுக்குத் தண்டம். பிற்காலத்தில் வருபவனுக்குக் கூலி கொடுத்தும் பார்த்தார்கள். வேலையை விட்டுவிட்டு வரமுடியாதவனை எப்படி வரவைப்பது என்பது கடைசிவரை அவர்களுக்குத் தலையிடியாக இருந்திருக்கிறது. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதியது இன்னும் இருக்கிறது, ஏழாவது வரி.

பசித்தது. லியானா டான்போர்த் தெருவுக்குக் கூட்டிப் போனாள். தெருப் பெயர்ப் பலகைகளில்கூடக் கிரேக்க எழுத்து. முட்டையும் எலுமிச்சம்பழமும் அடித்து ஊற்றிய கோழிச் சூப், கம்பியில் குத்திச் சுட்ட ஆட்டிறைச்சி, உப்புக் கரிக்கும் வெள்ளைப் பாற்கட்டி. சூப் நன்றாக இருந்தது. அம்மா வைக்கும் ரசத்துக்கு ஒரு பணக்காரச் சகோதரி இருந்தால் இப்படி இருப்பாள். கடைக்காரர் மீசையோடு பெரிய மனிதர். லியானாவின் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, மக்களாட்சியைக் கண்டுபிடித்தது தானே என்பது போல நெஞ்சைத் தட்டினார். நாங்கள் பாராட்டியதும் சிரித்துவிட்டார்.

"பொய். நான் கிழக்குக் கரை," என்றார். "ஏதென்சுக்கு ஒரு நாள் நடை. என் முப்பாட்டன் ஆடு மேய்த்திருப்பான். ஒரு நாள் நடந்து போய், கையைத் தூக்கிவிட்டு, ஒரு நாள் நடந்து வருவானா? ஆட்டை யார் பார்ப்பது? நகரத்தில் இருந்தவன் முடிவெடுத்தான். எங்கள் ஆட்களுக்குச் சேதி மட்டும் வந்தது."

கோப்பியை மேசையில் வைத்துவிட்டு, அதற்குக் காசு வேண்டாம் என்றார்.

இரண்டாம் வாரம் முழுவதும் நான் மாலைகளில் வேலை செய்தேன். அக்காவிடம் கோ-ஓப்பின் விதிப் புத்தகம் இருந்தது, முப்பது பக்கத்துக்கு மேல். அதில் வெளியேற்றமும் முறையீடும் பற்றிய அத்தியாயத்தை மூன்று முறை வாசித்தேன். வண்ணக் காகிதம் ஒட்டினேன். வாக்கு இரகசியம், பெரும்பான்மை போதும், முறையிடுபவருக்கு ஐந்து நிமிடம். எல்லாம் குறித்தேன். பிறகு வீடு வீடாகப் போய்ப் பட்டியல் போட்டேன்: நிச்சயம் நம் பக்கம், நிச்சயம் எதிர், தெரியாது.

நம் பக்கத்தில் ஒரு சிக்கல். பதினொரு வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை வேலை. பாண் சுடும் தொழிற்சாலை, முதியோர் இல்லம், களஞ்சியம். அந்த நாளை விட்டால் அடுத்த வாரம் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்ற நிலை. கொழும்பில் நான் இருக்கும் தொடர்மாடியில் கூட்டம் என்றால் பாதிப்பேர் வரமாட்டோம்; கையெழுத்து வைத்த கடிதத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவோம், அது வாக்காகும். அதைத்தான் செய்தேன். என் மடிக்கணினியில் அழகாக ஒரு கடிதம் தயாரித்து, பதினொரு பிரதி எடுத்தேன். எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

"எங்கட ஊர்ச்சங்கத்திலையும் உப்பிடித்தான்," என்று முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஓர் அன்ரி சொன்னார். "அங்கை போன்லை சொன்னாலே காணும்."

ரஞ்சன் அண்ணை மட்டும் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பாண் தொழிற்சாலைக்காரர், அத்தானோடு ஒரே வருடத்தில் இந்த நாட்டுக்கு வந்தவர்.

"தங்கச்சி, நான் அண்டைக்கு லீவு போட்டிட்டு வாறனே. நேரை நிண்டா ஒரு பெலம்தானே."

"தேவையில்லை அண்ணை. கையெழுத்துக் காணும். வேலையைக் கெடுக்காதேங்கோ," என்றேன்.

"நீங்கள் படிச்ச ஆள். நீங்கள் சொன்னாச் சரி," என்று கையெழுத்து வைத்தார்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் பதினொரு கடிதங்களையும் ஒரு நீலக் கோப்பில் போட்டு மேசையில் வைத்தேன். அக்கா பல நாட்களுக்குப் பிறகு இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டாள். அத்தான் கோப்பை இழுத்து, கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மன்னாரில் அவர் பன்னிரண்டு வருடம் கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர்.

"ஆக்கள் எங்கை?" என்று கேட்டார்.

"வேலை அத்தான். கடிதம் தந்திருக்கினம்."

"கடிதம் சரிவராது. ஆள் வரவேணும். ஆள் வந்துதான் வோட்டு."

"சரியப்பா, சாப்பிடுங்கோ," என்றாள் அக்கா.

"ஆள் வரவேணும்," என்றார் மறுபடியும். பிறகு கருவாட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஆர் கொண்டு வந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் அன்று நான்காவது தடவையாகக் கேட்டார். ஆகவே கடிதம் சரிவராது என்றதையும் நாங்கள் அதே கணக்கில் போட்டோம். சாப்பாடு முடியும்வரை ஆள் வரவேணும் என்று இன்னும் இரண்டு தரம் சொன்னார்.

ஞாயிறு காலையில் பனியோடு மழை. கூட்டம் கோ-ஓப்பின் பொது அறையில். மடக்குக் கதிரைகள், பெரிய கெண்டியில் கோப்பி, ஒரு பெட்டி டோனட். அங்கத்தவர்கள் முன்னால் இருந்தார்கள். அங்கத்தவர் அல்லாத நான் பின்சுவரோடு, பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு. என் பக்கத்தில் லியானா. பதினெட்டு ஆகாததால் அவளுக்கும் வாக்கில்லை. "சித்தி, நாங்கள் இப்ப ஏதென்ஸ் பொம்பிளையள்," என்று காதுக்குள் சொன்னாள்.

கூட்டத் தலைவர் ஜமேக்காவிலிருந்து வந்து, நகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மென்மையான குரல். வாசலில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அவரிடம் அக்கா நீலக் கோப்பைக் கொடுத்தாள். அவர் திறந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, இவை செல்லாது," என்றார். "நம்மிடம் பதிலாள் வாக்குக் கிடையாது. நேரில் வந்தவர் மட்டும்தான்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போனேன். பேசக்கூடாது என்பதை மறந்து, விதியில் அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தன் புத்தகத்தை எடுத்து, 'கூட்டங்கள்' என்ற அத்தியாயத்தைப் பிரித்து, விரல் வைத்துக் காட்டினார். ஒரே ஒரு வரி. என் வண்ணக் காகிதங்களில் எதுவும் ஒட்டாத பக்கம்.

"இன்று உங்களுக்காக இதை வளைத்தால், நாளைக்கு ஒருவர் ஐம்பது கடிதத்தோடு வந்து உங்களை வெளியே போடலாம்," என்றார். "அவர்களைக் கூப்பிடமுடியுமா? பத்து நிமிடம் தாமதித்துத் தொடங்குகிறேன்."

மழைக்குள் நின்று பதினொரு இலக்கத்துக்கும் அழைத்தேன். தொழிற்சாலைக்குள் தொலைபேசியை எடுத்துப்போக விடமாட்டார்கள். ஒருவர் மட்டும் எடுத்தார், முதியோர் இல்லத்து அன்ரி. "ஐயோ பிள்ளை, நான் ஒரு ஆளைக் குளிக்க வார்த்துக்கொண்டு நிக்கிறன், எப்பிடி விட்டிட்டு வாறது?" என்றார்.

அக்காவின் ஐந்து நிமிடத்தைத் தலைவர் தன் கைத்தொலைபேசியில் ஓடவிட்டார். ஏதென்சில் அதற்குத் தண்ணீர்ப் பானை. மேல் பானையிலிருந்து கீழ்ப் பானைக்கு நீர் வடியும்வரை பேசலாம். அக்கா எழுதி வைத்த ஆங்கிலத்தை வாசிக்கத் தொடங்கி, இரண்டாவது வசனத்தில் நிறுத்தினாள். கைப்பையைத் திறந்தாள். துணிப்பையைக் கவிழ்த்தாள். ஐந்து குமிழ்களும் மேசையில் உருண்டன. ஒன்று விளிம்புவரை போய் நின்றது.

"இது எப்போதும் என்னிடம்தான் இருக்கும்," என்றாள், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "நான் வேலைக்குப் போனாலும். கோயிலுக்குப் போனாலும். அவர் இனிமேல் எதையும் மூட்டமுடியாது. எங்களுக்கு வேறு வீடு இல்லை."

மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. அக்கா அதைப் பயன்படுத்தவில்லை.

அடுத்து தர்ஷினி எழுந்தார். குழந்தை கையில் இல்லை. ஆம்புலன்சில் போன அந்த இரவைச் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. உட்காரும்போது அழுதார். கூட்டத்தில் இருந்த பலர் தரையைப் பார்த்தார்கள்.

வாக்குச் சீட்டுகளைப் போட்டது மிட்டாய்க் கடதாசி சுற்றிய ஒரு பழைய பெட்டிக்குள். நாற்பத்தொரு பேர். வெளியேற்றத்தை உறுதிசெய்ய இருபத்து நான்கு, எதிராகப் பதினேழு. தலைவர் எண்களை இரண்டு தரம் வாசித்தார். எனக்கு இரண்டாம் தரம் தேவைப்படவில்லை. பதினேழோடு பதினொன்று இருபத்தெட்டு. அந்தக் கூட்டலை நான் நிறுத்தமுடியாமல் செய்துகொண்டே இருந்தேன்.

கதிரைகளை மடக்கும்போது கதவு திறந்தது. ரஞ்சன் அண்ணை. தலையில் தொழிற்சாலை வலைத்தொப்பி, கோட்டுக்குக் கீழே வெள்ளைச் சீருடை, சப்பாத்தெல்லாம் சேறு.

"மனம் கேக்கேல்லை. பாதியிலை வெளிக்கிட்டன். பஸ் பாதி வழியிலை இறக்கி விட்டிட்டான்," என்றார் மூச்சு வாங்கியபடி. "முடிஞ்சுதோ?"

கடிதங்கள் செல்லவில்லை, இருபத்து நான்குக்குப் பதினேழு என்று லியானா சொன்னாள். அவர் மேசையில் கிடந்த குமிழ்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மற்ற ஆக்களும் வந்திருப்பினமே, தங்கச்சி. நீங்கள்தானே வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்."

குற்றம் சாட்டும் குரல் அல்ல. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். அக்கா குமிழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். "விடுங்கோ அண்ணை. அவள் எங்களுக்காகத்தானே ஓடித் திரிஞ்சவள்," என்றாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவள் என்னோடு சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் கதைக்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அரசாங்கத் தீர்ப்பாயம் ஒன்று இருக்கிறது, அங்கேயும் போகலாம் என்று தலைவரே வந்து சொன்னார். அக்கா நன்றி சொன்னாள். வீட்டுக்கு வந்து லியானா கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் எழுதாமல் இருந்தாள். மேசையின் மறுபக்கத்தில் அக்கா தொலைபேசியில் அஜக்ஸ் வீடுகளின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் நான் படிகளையே பார்த்தேன்.

ஏதென்சில் யார் யார் யாரைத் துரத்தினார்கள் என்பதற்கு ஓடுகள் இருக்கின்றன, மண்ணுக்குள்ளிருந்து எடுத்துக் கழுவி எண் போட்டு வைத்திருக்கிறார்கள். அன்று குன்றுக்கு வரமுடியாமல் ஆட்டோடு நின்றவன் யாருடைய பெயரை எழுதியிருப்பான், எழுதாமல் விட்டிருப்பான் என்பதற்கு ஒன்றும் இல்லை. என்னிடம் பதினொன்று இருந்தன, தட்டச்சு செய்து, கையெழுத்தோடு. குப்பையில் போட மனம் வராமல் பயணப்பெட்டியின் அடியில் வைத்தேன்.

திங்கள் காலை டாக்சி வந்தது. அக்கா ஒரு குமிழைப் பொருத்தி எனக்குத் தேநீர் போட்டுத் தந்துவிட்டு, கழற்றிப் பையில் வைத்தாள். லியானா பள்ளிக்கூடம் போய்விட்டாள். அத்தான் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் குனிந்து விடைபெற்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் தெளிவாக இருந்தது.

"கூட்டம் எப்ப பிள்ளை?" என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை அத்தான்."

"கடிதம் சரிவராது. ஆக்களை வரச்சொல்லு."

"ஓம் அத்தான்," என்றேன். "சொல்லுறன்."